விரலே வைக்காமல் ஒரு கார்ட்! தெரியுமா?

உலகின் மிகச் சிறிய கிட்டார் என்று பெயர் வாங்கியது எவ்வளவு நீளம் தெரியுமா? வெறும் 10 மைக்ரோமீட்டர்! நம் ரத்தத்தில் ஓடுகிற சிவப்பணு ஒன்றின் அளவு! 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அதைச் சிலிக்கானில் செதுக்கினார்கள். அதிலும் ஆறு கம்பிகள் உண்டு! ஒவ்வொன்றின் அகலமும் 50 நானோமீட்டர்தான்!

சரி, பெரியது? டெக்ஸாஸ் மாநிலத்தின் கான்ரோ ஊரில் பள்ளி மாணவர்கள் 2000-ல் செய்து முடித்த கிட்டார் 13.29 மீட்டர் நீளம்! 900 கிலோவுக்கு மேல் எடை! நிமிர்த்தி வைத்தால் நாலு மாடிக் கட்டடத்தை எட்டும்!

இந்த இரண்டுக்கும் நடுவில், உங்கள் வீட்டு வாண்டின் மடியில் பொருந்துகிற கிட்டார் எது? அங்கேதான் ஆச்சரியங்களே தொடங்குகின்றன!

அரை கிட்டார் உண்மையில் அரை இல்லை!

கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். கால், அரை, முக்கால், ஃபுல் சைஸ் என்று அடுக்குவார்கள். அரை என்றால் பாதி நீளம் என்றுதானே நினைப்பீர்கள்? கிடையவே கிடையாது! ஃபுல் சைஸ் கிட்டாரில் கம்பி அதிர்கிற நீளம் 65 சென்டிமீட்டர். அரை கிட்டாரில்? சுமார் 53! அதாவது 80 சதவீதத்துக்கும் மேல்! முக்கால் கிட்டார் 58 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும்!

பொதுவாக 4 முதல் 6 வயதுவரை கால், 8 வயதுவரை அரை, 11 வயதுவரை முக்கால் என்று கடைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் குழந்தையையும் கூடவே அழைத்துப் போங்கள்! உட்கார வைத்து, மடியில் கிட்டாரைக் கொடுங்கள். வலது கையைப் பெட்டியின்மேல் போடும்போது தோள் காதை நோக்கித் தூக்கிக்கொள்கிறதா? அந்த கிட்டார் பெரிது! கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் முதலாவதை, அதாவது முதல் ஃப்ரெட்டை, எட்ட இடது கை விறைத்து நீள்கிறதா? அதுவும் பெரிதுதான்! ‘வளர்ந்த பிறகும் ஆகுமே’ என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிற வழக்கம் பள்ளிச் சீருடையோடு நிற்கட்டும். கிட்டார் விஷயத்தில் வேண்டவே வேண்டாம்!

வீட்டில் அண்ணனுடைய பெரிய கிட்டார் சும்மா கிடக்கிறதா? எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டுங்கள். 65 சென்டிமீட்டர் கம்பி ஒரு நொடியில் 54.7 ஆகிவிடும்! கிட்டத்தட்ட அரை கிட்டார்! 36 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த முதல் கட்டம் 31-க்குள் சுருங்கிவிடும்! பெட்டி மட்டும் பெரிதாகவே இருக்கும். வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதங்களுக்கு இது போதும்!

அந்தக் கம்பிகளில் எத்தனை கிலோ இழுவிசை தெரியுமா?

நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன! எஃகுக் கம்பி என்றால்? 70 கிலோவுக்கும் மேல்! நாலு வயதுக் குழந்தையின் எடையே 16 கிலோ சொச்சம்தான்! அப்படி விறைத்து நிற்கிற கம்பியைப் பிஞ்சு விரல் அழுத்த வேண்டும் என்றால் வலிக்காதா? அதனால்தான் சின்னக் குழந்தைக்கு நைலான்!

அந்த நைலான் கம்பி எப்படி வந்தது தெரியுமா? போரால்! அதுவரை கிளாசிக்கல் கிட்டாருக்குப் பெரும்பாலும் ஆட்டுக் குடலில் திரித்த நரம்புதான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்குத் தையல் போடக் குடல் நரம்பு தேவைப்பட்டது. கிட்டார்காரர்களுக்குத் தட்டுப்பாடு! அப்போது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தயாரிப்பாளர் நைலான் இழையைக் கட்டிப் பார்த்தார். ஸ்பெயின் மேதை ஆந்த்ரேஸ் செகோவியா வாசித்துப் பார்த்து ஆதரித்தார். இன்று உலகமெங்கும் குழந்தைகளின் முதல் கம்பி அதுதான்!

விரலே வைக்காமல் ஒரு கார்ட்!

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி! பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்ட். முதல் நாளே கார்ட் வாசிக்க முடியுமா? முடியும்! எத்தனை விரல் வேண்டும்? பூஜ்யம்!

கிட்டாரில் மெல்லிய கம்பிதான் ஒன்றாம் கம்பி. அதை விட்டுவிட்டு இரண்டு, மூன்று, நான்காம் கம்பிகளை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். பி, ஜி, டி! மூன்றும் சேர்ந்தால் அச்சு அசலான ஜி மேஜர்! இடது கை சும்மா இருக்கலாம்!

இப்போது ஒரே ஒரு விரல். இரண்டாம் கம்பி, முதல் ஃப்ரெட். கீழே உள்ள மூன்று மெல்லிய கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். சி மேஜர்! அதே விரலை ஒன்றாம் கம்பிக்கு, அதே முதல் ஃப்ரெட்டுக்கு நகர்த்துங்கள். ஜி செவன்! ஒரு விரல், ஒரு நகர்வு, இரண்டு கார்ட்! நம்ப முடிகிறதா?

இந்த இரண்டை வைத்து என்ன பாடலாம் தெரியுமா? ‘மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்’ முழுசாகப் பாடலாம்! ‘லண்டன் பிரிட்ஜ்’ பாடலாம்! ‘ரோ ரோ ரோ யுவர் போட்’ பாட்டுக்கோ ஒரே ஒரு கார்ட் போதும்! எல்.கே.ஜி. படிக்கிற குழந்தைக்கு இவை எல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். ஆறு கம்பி, நாலு விரல், பெரிய எஃப் பார் கார்ட் என்று முதல் வாரமே மிரட்டுவானேன்? அதெல்லாம் கை வளர்ந்த பிறகு தானாக வரும். முதல் நாள் குழந்தை ஒரு பாட்டை முழுசாக வாசித்துவிட வேண்டும்! அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டுமே!

இன்னொன்று! ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டில் எத்தனை ஸ்வரம்? ஆறே ஆறு! அதே மெட்டுதான் ‘ஏ பி சி டி’ பாட்டு! அந்த மெட்டை எடுத்து மோட்ஸார்ட் எத்தனை விதமாக வாசிக்க எழுதினார் தெரியுமா? 12 விதமாக!

120 இடம், 44 ஒலி!

பியானோவில் ஒரு ஒலிக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில்? கிளாசிக்கல் கிட்டாரின் 19 ஃப்ரெட்டையும் ஆறு கம்பியையும் பெருக்கி, வெறும் கம்பிகளையும் சேர்த்தால் 120 இடம்! ஆனால் அதில் வேறு வேறு ஒலிகள் எத்தனை? 44 மட்டுமே! ஒன்றாம் கம்பியைச் சும்மா தட்டினால் வருகிற ‘இ’ ஒலி, அதே கிட்டாரில் ஐந்து இடத்தில் ஒளிந்திருக்கிறது! ஐந்தையும் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல ஒளிந்துபிடி விளையாட்டு உண்டா!

தாத்தாவின் தந்திரம்!

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸுக்கு கிட்டார் ஆசை எப்படி வந்தது தெரியுமா? தாத்தா கஸ் வீட்டில் ஒரு கிட்டார் பியானோவின்மேல் உயரத்தில் இருக்கும். கைக்கு எட்டாது! எட்டினால் வாசிக்கலாம் என்பார் தாத்தா. பேரன் ஏங்கி ஏங்கி வளர்ந்தான்! பேரன் வருகிறான் என்று தெரிந்தால் மட்டும் தாத்தா அதை எடுத்து அங்கே வைப்பாராம்! இந்தக் கதையைக் கீத் 2014-ல் குழந்தைகளுக்கான புத்தகமாகவே எழுதினார். படம் வரைந்தது அவர் மகள்!

ஜப்பானின் ஷினிச்சி சுசுகி இதையே ஒரு முறையாக்கினார்! வயலினுக்கு அவர் வகுத்த முறை இன்று கிட்டாருக்கும் உண்டு. அதில் முதல் பாடம் யாருக்கு தெரியுமா? அம்மாவுக்கு! அல்லது அப்பாவுக்கு! பெரியவர் முதலில் வாசிக்கக் கற்பார். குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டே கேட்கும். ‘எனக்கும் தா!’ என்று அதுவே வந்து கேட்ட பிறகுதான் கருவியைக் கையில் கொடுப்பார்கள்! சுசுகி 1898-ல் பிறந்தவர். 1998-ல் காலமானார். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு!

குழந்தைக்குத் தாய்தான் முதல் குரு என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கிட்டார் கலைஞர் டாமி இமானுவேல் சாட்சி! நாலு வயதில் கையில் கிட்டார். அம்மா மடியில் கிடத்தி வாசிக்கிற லேப் ஸ்டீல் கிட்டாரில் மெட்டு வாசிப்பார், மகன் கார்ட் போட வேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம்! ஆறு வயதில் அந்தப் பையன் குடும்பத்தோடு மேடை ஏறிச் சம்பாதித்துக்கொண்டிருந்தான்! இன்றுவரை அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது!

ஹவாயின் யுகுலேலே (நாலு கம்பிச் சின்ன கிட்டார்) மேதை ஜேக் ஷிமாபுகுரோ? அவரும் நாலு வயதில், அம்மாவிடம்தான்!

மாண்டலின் தெரியாத குரு!

நம் பக்கத்துக் கதையைச் சொல்லாமல் விடலாமா? ஆந்திராவின் பாலகொல்லுவில் ஆறு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் மாண்டலினை எடுத்துத் தட்டத் தொடங்கினான். அவனுக்குக் கற்றுத்தர வந்தவர் ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! துளியும் தெரியாது! பிறகு எப்படிப் பாடம்? அவர் பாடுவார், பையன் அதைக் கேட்டுக் கம்பியில் தேடிப் பிடிப்பான்! ஒன்பது வயதில், 1978-ல், அரங்கேற்றம்! சில ஆண்டுகளில் சென்னை சபாக்களே எழுந்து நின்று பார்த்தன! அந்தப் பையன்தான் மாண்டலின் ஸ்ரீநிவாஸ்!

கிட்டார் தெரியாத பெற்றோரே, கவனித்தீர்களா? உங்களுக்குப் பாடத் தெரிந்தால் போதும்! ‘நிலா நிலா ஓடி வா’வை நீங்கள் பாடுங்கள். குழந்தை ஒரே கம்பியில் தடவித் தடவித் தேடட்டும். முதலில் தப்பும் தவறுமாக வரும். குறுக்கே போய்த் திருத்தாதீர்கள்! தானே பிடித்த ஸ்வரம் ஒன்றை எந்தக் குழந்தையும் மறப்பதில்லை!

நம் இளையராஜா இருக்கிறாரே, அவர் கிளாசிக்கல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்பது தெரியுமா? அவருடைய 100-வது படம் ‘மூடுபனி’. அதில் பிரதாப் போத்தன் கிட்டாரோடு தோன்றும் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டைக் கேட்டுவிட்டு கிட்டார் வகுப்பில் போய்ச் சேர்ந்த அப்பாக்களும் சித்தப்பாக்களும் எத்தனை பேரோ!

நாலு கம்பியில் பழகினால் ஆறு கம்பிக்கு ஆகுமா?

ஆகும்! யுகுலேலேயின் கம்பிகள் ஜி, சி, இ, ஏ. கிட்டாரின் மெல்லிய நாலு கம்பிகளுக்கு ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் என்ன வரும் தெரியுமா? அதே ஜி, சி, இ, ஏ! விரல் பிடிக்கிற வடிவங்கள் அப்படியே கிட்டாருக்கு வந்து சேரும்! யுகுலேலேயின் தாயகம் ஹவாய் என்றுதானே நினைத்தோம்? அதன் மூதாதை 1879-ல் போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களோடு வந்தது!

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கு அம்மா ஜூலியா கற்றுத்தந்தது பான்ஜோ கார்ட்! அதையே வைத்து கிட்டாரில் நாலு கம்பியோடு காலம் தள்ளினார். பால் மெக்கார்ட்னி வந்து காட்டிய பிறகுதான் முழு கிட்டார்! பீட்டில்ஸே அப்படித் தொடங்கியிருக்கும்போது நம் குழந்தைக்கு என்ன அவசரம்?

ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் தொடக்கம் இன்னும் சின்னது! முதல் கிட்டார் ஒரு துடைப்பம்! அதைக் கையில் வைத்து வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பான் பையன். அப்புறம் குப்பையிலிருந்து ஒரு யுகுலேலே கிடைத்தது. அதில் எத்தனை கம்பி? ஒன்றே ஒன்று! அந்த ஒற்றைக் கம்பியிலேயே பாட்டுகளைக் கேட்டுப் பிடித்தான். 15 வயதில்தான் முதல் உண்மையான கிட்டார். விலை? 5 டாலர்!

கை சின்னது, பலம் இல்லை என்கிறீர்களா?

கனடாவின் பாடகி ஜோனி மிட்செலுக்கு ஒன்பது வயதில் போலியோ! இடது கை பலவீனமானது. வழக்கமான கார்ட்களைப் பிடிக்கச் சிரமம். என்ன செய்தார் தெரியுமா? கையை மாற்ற முடியவில்லை, கிட்டாரை மாற்றினார்! கம்பிகளை வேறு வேறு சுருதியில் கட்டி, எளிய விரல் பிடிப்புக்கே அழகான கார்ட் வரும்படி செய்தார். அப்படி எத்தனை சுருதி அமைப்பு? ஏறக்குறைய 50!

ஜாங்கோ ரைன்ஹார்ட் தெரியுமா? 18 வயதில் வண்டி வீட்டில் தீ! இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கின. மீதி இரண்டு விரல்களால் ஐரோப்பிய ஜாஸ் உலகையே ஆட்டி வைத்தார்!

பிஞ்சு விரல்கள் மூளையையே மாற்றுகின்றன!

1995-ல் ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் எல்பெர்ட் குழுவினர், கம்பிக் கருவி வாசிப்பவர்கள் ஒன்பது பேரின் மூளையை அளந்தார்கள். ஆறு வயலின், இரண்டு செல்லோ, ஒரே ஒரு கிட்டார்! இடது கை விரல்களுக்கான மூளைப் பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது! யாருக்கு மிகவும் பெரிது? சின்ன வயதிலேயே தொடங்கியவர்களுக்கு! கட்டை விரலுக்கு அந்த அளவு வித்தியாசம் இல்லை. ஏன்? அது கம்பியை அழுத்துவதே இல்லையே!

அதற்காக நாள் முழுக்க உட்கார வைக்காதீர்கள்! ஸ்பெயினின் பாகோ தெ லூசியாவை அப்பா ஒரு நாளில் 12 மணி நேரம்வரை வாசிக்க வைத்ததாகச் சொல்வார்கள். 11 வயதில் வானொலியில் வாசித்தார், பின்னாளில் ஃபிளமெங்கோவின் சிகரம் ஆனார், உண்மைதான். ஆனால் அந்த வழி எல்லார் வீட்டுக்கும் ஆகாது! ஐந்து வயதுக்குப் பத்து நிமிடம் தாராளம். விரல் நுனி சிவந்தால் நிறுத்திவிடுங்கள். சில வாரங்களில் தோல் தானாகத் தடிக்கும், வலி ஓடிப்போகும்!

எட்டு பவுண்டில் ஒரு கிட்டார்!

குவீன் குழுவின் பிரையன் மே-க்கு அப்பா ஹரால்ட் முதலில் கற்றுத்தந்தது யுகுலேலே வாசிப்பு. ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு கிட்டார் வந்தது. வளர்ந்ததும் எலெக்ட்ரிக் கிட்டார் ஆசை! வாங்கப் பணம் இல்லை. 1963-ல் அப்பாவும் மகனும் சேர்ந்து செய்யவே தொடங்கிவிட்டார்கள்! எதில்?

கழுத்துக்கு ஒரு பழைய கணப்பு மாடத்தின் மரச்சட்டம்! அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள்! ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து! கழுத்தின் வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்! சுமார் இரண்டு ஆண்டு உழைப்பு. மொத்தச் செலவு? ஏறத்தாழ 8 பவுண்டு! அதை வைத்துத்தான் அரங்கம் அரங்கமாக உலகைச் சுற்றினார்! 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று வாசித்ததும் அதே கிட்டார்! கம்பியை மீட்டும் பிக் எது தெரியுமா? ஒரு பழைய ஆறு பென்ஸ் நாணயம்! மனிதர் 2007-ல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார்!

காகிதத்தில் கிட்டார் செய்ய முடியுமா? 1862-லேயே செய்துவிட்டார் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ்! முன்பலகை மட்டும் மரம், முதுகும் பக்கங்களும் காகிதக் கூழ்! ஓசையின் உயிர் முன்பலகையில்தான் இருக்கிறது என்று காட்டவே அதைச் செய்தார். இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது! பராகுவேயின் கட்டேயூரா குப்பைமேட்டுக் குழந்தைகளோ தகர டப்பாவில் செய்த கிட்டாரோடு உலக மேடைகளில் ஏறியிருக்கிறார்கள்!

அந்த போன் மணி யாருடையது?

நோக்கியா போன் மணி ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு கிட்டார் இசை! ஃபிரான்சிஸ்கோ தாரெகா 1902-ல் எழுதிய ‘கிரான் வால்ஸ்’ஸில் ஒரு துண்டு! சிறு வயதில் வாய்க்காலில் விழுந்து கண் பாதிக்கப்பட்டவர் அவர். பார்வை போனாலும் இசையால் பிழைக்கட்டும் என்று அப்பா இசை கற்க அனுப்பினார். முதல் இரண்டு ஆசிரியர்களும் பார்வையற்றவர்கள்! பத்து வயதில் பையன் வீட்டை விட்டு ஓடி, பார்சிலோனா காபிக் கடைகளில் வாசித்துக்கொண்டிருந்தான்! அப்பா தேடிப்பிடித்து அழைத்து வந்தார்!

தலைகீழ் கிட்டாரும் காணாமல் போன சிறுமியும்!

உங்கள் குழந்தை இடது கைப் பழக்கமா? எலிசபெத் காட்டனைத் தெரிந்துகொள்ளுங்கள்! அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினச் சிறுமி. அண்ணனின் பான்ஜோவை அவன் இல்லாதபோது எடுப்பாள். இடது கை என்பதால் தலைகீழாகப் பிடித்தாள். கற்றுத்தர யாரும் இல்லை! வீட்டு வேலை செய்து சேர்த்த 3.75 டாலரில் சொந்த கிட்டார். அதையும் தலைகீழாகவே! கட்டை விரலில் மெட்டு, மற்ற விரல்களில் அடித்தள ஒலி! உலகமே இதற்கு நேர்மாறாக வாசிக்கிறது! அந்த முறைக்கு இன்று ‘காட்டன் பிக்கிங்’ என்று பெயர்!

11, 12 வயதில் ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ என்று ஒரு பாட்டு கட்டினாள். பிறகு திருமணம், குடும்பம், வேலை. கிட்டாரைத் தொடாமலே பல பத்தாண்டுகள் ஓடின! ஒருநாள் அவர் வேலை பார்த்த பெரிய கடையில் ஒரு சிறுமி தொலைந்துபோய் நின்றாள். பேர் பெகி. கைப்பிடித்து அம்மாவிடம் கொண்டு சேர்த்தார். அந்த அம்மா அவரைத் தம் வீட்டிலேயே வேலைக்கு அழைத்துக்கொண்டார். அது யார் வீடு தெரியுமா? அமெரிக்க நாட்டுப்புற இசையின் சீகர் குடும்பம்! சுவரெங்கும் கருவிகள்! ஒன்றை எடுத்து மறுபடி வாசித்தார், தலைகீழாகவே! அறுபதைத் தாண்டி முதல் இசைத்தட்டு! தொண்ணூறை ஒட்டிய வயதில், 1985-ல், கிராமி விருது!

சிறுமியாக எலிசபெத் கட்டிய அந்தப் பாட்டு? பெகி வளர்ந்து அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1957-ல் அங்கே அது பெரிய ஹிட்!